மார்க்கனில் கொடுத்த ஐஸ்கிரீம் பெட்டி

காலை பத்து நாற்பதுக்குத்தான் எல்லாம் பிழையாகப் போகத் தொடங்கியது. வொலண்டாம் போகும் பஸ்சில், சாரதியின் தலைக்கு மேலே ஒரு மணிக்கூடு இருந்தது. அதைப் பார்ப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு, மனைவிக்குத் தெரியாமல், என் மடியில் இருந்த பிளாஸ்டிக் பைக்குள் மேலே இருந்த ஐஸ்கிரீம் பெட்டியைக் கீழேயும் கீழே இருந்ததை மேலேயும் மாற்றி வைத்தேன். அந்த நேரத்தில் அது புத்தியான வேலையாகத்தான் தெரிந்தது.

இரண்டு பெட்டிகளிலும் ஐஸ்கிரீம் இல்லை என்பதைத் தமிழ் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. லண்டனில் எங்கள் ஆட்களின் வீடுகளில் ஐஸ்கிரீம் பெட்டிக்குள் ஐஸ்கிரீம் இருப்பது கடையிலிருந்து வந்த முதல் கிழமை மட்டுமே. அதன் பிறகு அது உடையும் வரை கறி சுமக்கும். டீப் பிரீசரில் வனிலா என்று எழுதிய பெட்டியை ஆசையோடு திறந்து, உள்ளே உறைந்த ஆட்டிறைச்சிக் கறியைக் காணும் ஏமாற்றம் என் மகள் சுபாவுக்கு நாலு வயதிலேயே பழகிவிட்டது.

கோலியர்ஸ் வுட்டில் எங்கள் வீதியில் இரண்டு தமிழ் வீடுகளைக் கள்ளர் உடைத்த பிறகு, ஹரோவில் இருக்கும் நண்பர் ஒருவர் எனக்கு ஒரு யோசனை சொன்னார். கள்ளன் அலுமாரியைத் திறப்பான், மெத்தையைக் கிழிப்பான், சாமிப் படத்தையும் திருப்பிப் பார்ப்பான், ஆனால் கறிப் பெட்டியைத் திறக்கமாட்டான் என்றார். அன்றிலிருந்து, கடவுச்சீட்டுக்குப் பதிலாக அகதிகளுக்குத் தரும் எங்கள் மூவரின் பயணப் பத்திரங்களும் டீப் பிரீசரில், மீன் தலைகளுக்கும் முருங்கைக்காய்க்கும் நடுவே, ஓர் ஐஸ்கிரீம் பெட்டிக்குள் வசித்தன. ஒல்லாந்துக்குக் கப்பல் ஏற வந்தபோது அவற்றை வாங்கிப் பார்த்த அதிகாரி பக்கங்களைப் புரட்டிவிட்டுத் தன் விரல்களை ஒருமுறை மணந்து பார்த்தார். வேறொன்றும் கேட்கவில்லை.

நாங்கள் ஒல்லாந்துக்குப் போனது ஊர் பார்க்க அல்ல. என் மனைவி கமலாவின் தம்பி நேசனுக்குப் பெண் குழந்தை பிறந்து முப்பத்தோராம் நாள். சனிக்கிழமை இறங்கி நித்திரை கொண்டோம். ஞாயிற்றுக்கிழமை விசேஷம், தொட்டில், பாயாசம், அறுபது பேருக்கு மேல். திங்கட்கிழமை இரவுக் கப்பலில் திரும்ப வேண்டும். பகல் முழுவதும் சும்மா கிடந்தது.

"அத்தான், ஒல்லாந்துக்கு வந்திட்டு வொலண்டாமும் மார்க்கனும் பாக்காமப் போறதே? பழைய காலத்து மீன்பிடிக் கிராமங்கள். நான் ஷிப்ட் முடிஞ்சு அஞ்சு மணிக்கு வொலண்டாம் துறையில காரோட நிக்கிறன். அங்கயிருந்து நேரே கப்பலுக்கு" என்றான் நேசன்.

சூட்கேஸ்கள் அவனுடைய காரில் ஏறின. பத்திரப் பெட்டியை மட்டும் நான் விடவில்லை.

"அதையும் காரில வையுங்கோ அத்தான்."

"கார் களவு போனா?"

"அப்ப வீட்டில வையுங்கோ. வரேக்கை நான் எடுத்துக்கொண்டு வாறன்."

"வீடு எரிஞ்சா?"

நேசன் காரின் பின்கதவைச் சாத்தினான். ஊரில் எங்கள் சீதன வீடு ஒருமுறை எரிந்திருக்கிறது. அவனும் அந்த வீட்டில்தான் வளர்ந்தவன்.

அந்தப் பெட்டிக்குள் இருந்தவை இவை: நீல மட்டையில் இரண்டு கறுப்புக் கோடு போட்ட பயணப் பத்திரங்கள் மூன்று, கப்பல் டிக்கெட், உள்நாட்டு அமைச்சின் கடிதம், சுபாவின் பிறப்பு அத்தாட்சி, என் சம்பளத் துண்டுகள், கவுன்சில் வரி ரசீது, எங்கள் டாக்டர் எனக்குப் பிரஷர் இருக்கிறது என்று எழுதித் தந்த துண்டு. நாங்கள் நாங்கள்தான் என்று யாராவது சந்தேகப்பட்டால் ஒன்று இல்லாவிட்டால் இன்னொன்று உதவும். குலுங்காமல் இருக்க ஒரு துவாயில் சுற்றியிருந்தேன். மற்றப் பெட்டியில் மதியச் சாப்பாடு, புட்டும் கணவாய்க் கறியும். கமலா சாப்பாட்டை மேலே வைத்திருந்தாள். கணவாய்க் கறி கீழே ஊற்றினால் எதன்மேல் ஊற்றும்? அதை யோசித்துத்தான் நான் மாற்றினேன். அவளிடம் சொல்லாததற்குக் காரணம், அவளுடைய மூடி ஒழுகும் என்று சொல்லிவிட்டு ஒரு முழுநாள் அவளோடு ஊர் சுற்ற முடியாது.

மாற்றி முடித்த நிம்மதியில், பஸ் நின்ற இடத்தில் கமரா தொங்கிய கூட்டம் இறங்க நாங்களும் இறங்கிவிட்டோம். அது வொலண்டாம் அல்ல, ஏடம். மஞ்சள் நிறத்தில் தேங்காய் அளவு சீஸ் உருண்டைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். மீனும் இல்லை, வள்ளமும் இல்லை. தள்ளுவண்டியில் சீஸ் கொண்டுபோன ஒருவரிடம் கடல் எந்தப் பக்கம் என்று கேட்டேன்.

"கடலா? அதை நாங்கள் மூடிவிட்டோமே" என்றார், கடையைச் சொல்வதுபோல.

பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, உண்மையாகவே மூடியிருக்கிறார்கள். வடக்கே பெரிய அணையைக் கட்டிக் கடலை ஏரியாக்கிவிட்டார்கள். எங்கள் ஊரில் கடல் அப்படியே கிடந்தது, யுத்தத்தால் மீன்பிடிக்கப் போகத்தான் தடை போட்டிருந்தார்கள். இங்கே போக ஒரு தடையும் இல்லை, கடலைத்தான் காணவில்லை. இரண்டிலும் எது மோசம் என்று அடுத்த பஸ் வரும்வரை யோசித்தேன். கமலா சீஸ் துண்டுகளை ருசி பார்க்கும் தட்டை மூன்று முறை சுற்றி வந்தாள்.

வொலண்டாமில் துறையை ஒட்டி மீன் கடைகள். ஒரு தாத்தா பச்சை மீனை வாலில் பிடித்து, வெங்காயத்தில் புரட்டி, தலையைப் பின்னுக்குச் சாய்த்துத் தொண்டைக்குள் இறக்கினார். கழுத்து அசைவதை மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"பொரிச்சுத் தரச் சொல்லிக் கேளுங்கோ" என்றாள் கமலா.

கேட்டேன். கடைக்காரருக்கு ஆங்கிலம் நன்றாக வந்தது. "ஏன், மீனில் என்ன பிழை?" என்று கேட்டார். நான் சுபாவுக்கு உருளைக்கிழங்கு சிப்ஸ் வாங்கினேன். அதன்மேல் அவர் மயோனெய்சைக் கரண்டியால் அள்ளிப் போட்டார். லண்டனில் நாங்கள் சிப்சுக்கு வினாகிரி விட்டுத் தின்கிறோம் என்று சொன்னதும் அவருடைய முகம் போன போக்கு, பச்சை மீனைப் பார்த்தபோது எங்களுடைய முகம் போன போக்குத்தான்.

அங்கே போகிற எல்லோரும் செய்வதை நாங்களும் செய்தோம். பழைய உடுப்புப் போட்டுப் படம் எடுக்கும் ஸ்டூடியோ. உடுப்பு முதுகில் நாடா வைத்தது, எங்கள் உடுப்புக்கு மேலேயே கட்டிவிட்டார்கள். கமலாவுக்கு இரண்டு பக்கமும் கொம்பு மாதிரி வளைந்த வெள்ளைத் தொப்பி, கீழே சேலைக்கரை தெரிந்தது. எனக்கு அகலக் காற்சட்டையும் கறுப்புத் தொப்பியும். கையில் ஒரு புகைக் குழாயைத் தந்தார் படக்காரர்.

"அந்தப் பையைக் கீழே வையுங்கள்."

"இல்லை, பரவாயில்லை."

"படத்தில் விழும்."

"விழட்டும்."

அவர் தோளைக் குலுக்கினார். "சரி, அந்தக் காலத்து மீனவர்களும் கடைக்குப் போயிருப்பார்கள்தானே" என்றார். அந்தப் படம் இப்போதும் எங்கள் வரவேற்பறையில் தொங்குகிறது. ஒல்லாந்து மீனவன் ஒருவன் லண்டன் சூப்பர் மார்க்கெட் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கிறான். வருகிற ஆட்கள் மனைவியையும் மகளையும் விட்டுவிட்டுப் பைக்குள் என்ன என்றுதான் கேட்பார்கள்.

அங்கிருந்து மார்க்கனுக்குப் படகு. அரை மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. படகு ஆட ஆட நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டேன். பை, கமலா, சுபா. கொஞ்சம் உரத்து எண்ணிவிட்டேன் போலும்.

"ஏனப்பா, பை முதல் வருது?" என்றாள் கமலா.

மார்க்கன் ஒரு காலத்தில் தீவாக இருந்தது, இப்போது அணைமேல் போட்ட ஒரு வீதி அதைக் கரையோடு இணைக்கிறது. பச்சை மரப்பலகை வீடுகள், வெள்ளைக் கோடு போட்ட யன்னல்கள். எல்லா வீடும் ஒன்றுபோலவே இருந்தன, எல்லா யன்னலும் யாரோ இப்போதுதான் துடைத்துவிட்டுப் போனதுபோல இருந்தன. அழகை ரசிக்க எனக்கு முடியவில்லை. கவலை வந்தால் எனக்கு முதலில் தெரிவது வயிற்றில் அல்ல, அதற்குக் கொஞ்சம் கீழே. துறையில் இருந்த கழிவறையில் பூட்டுத் தொங்கியது.

ஒரு வீட்டு வாசலில் ஒரு வயதான அம்மா யன்னலைப் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டு நின்றா. படத்துக்காகப் போட்ட உடுப்பு அல்ல, நாள்தோறும் உடுத்துத் தோய்ந்துபோன கோடு போட்ட சட்டை, பூப்போட்ட மார்புத்துணி. நான் வாய் திறக்க முதல் என் முகத்தைப் பார்த்தே கதவைத் திறந்துவிட்டா. படியில் நாலு சோடி மரச்செருப்புக் கழற்றி வைத்திருந்தது. லண்டனுக்கு வந்த காலத்திலிருந்து, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போகும் ஒரு வெள்ளைக்காரர் வீட்டை அன்றைக்குத்தான் கண்டேன். நானும் கழற்றினேன். பையைக் கமலாவிடம் கொடுத்தேன். அன்றைக்கு அதை நான் கைவிட்டது அந்த ஒரு தடவைதான்.

வெளியே வந்தபோது உலகம் மிகவும் நல்ல இடமாகத் தெரிந்தது. அந்த அம்மா கையில் ஓர் ஐஸ்கிரீம் பெட்டியோடு நின்றா. கமலா ஐந்து விரலையும் குவித்து வாய்க்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு, பிறகு நாக்கை நீட்டி விசிறிக் காட்டினாள், உறைக்கும் என்பதற்காக. அந்த அம்மா தலையை ஆட்டி, பெட்டியைத் தட்டி, ஏதோ சொன்னா. பள்ளிக்கூடத்தில் ஜெர்மன் படிக்கும் சுபா மொழிபெயர்த்தாள்.

"புருஷன் வந்த உடனே சாப்பிடுவினமாம்."

"ஒரு மனிசி தன்ர வீட்டுக் கக்கூசைத் திறந்துவிட்டிருக்கிறா. வெறுங்கையோட போறதே?" என்றாள் கமலா என்னிடம். "நாங்கள் சிப்ஸ் வாங்கிச் சாப்பிடுவம். பெட்டியும் திருப்பித் தரத் தேவையில்லை எண்டு காட்டிப்போட்டன்."

எனக்குப் பெருமையாக இருந்தது. அன்று முழுவதிலும் எனக்கு ஒரு கவலையும் இல்லாத ஒரே நேரம் அதுதான். படகுத் துறைவரை கையை வீசிக்கொண்டு நடந்தேன், பையையும் சேர்த்துத்தான்.

வொலண்டாமில் திரும்ப இறங்கி அணைமேல் ஒரு மர வாங்கில் உட்கார்ந்தோம். சுபா இரண்டாவது சிப்ஸுக்குப் போனாள். என் முழங்காலில் ஏதோ ஈரம். பார்த்தேன். பையின் அடியிலிருந்து சிவப்பாக ஒரு துளி. கணவாய்க் கறியை வேறு வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்தவனின் பை எப்படிக் கணவாய்க் கறி ஒழுகும் என்று யோசிக்க எனக்குச் சற்று நேரம் எடுத்தது.

பெட்டியைத் திறந்தேன். புட்டு.

"இதென்ன? நான் மேல இருந்ததைத்தானே குடுத்தனான்" என்றாள் கமலா. "சாப்பாடு மேலதானே வைச்சனான்."

"பஸ்சில மாத்தினனான்."

"ஏன்?"

"கறி ஊத்தும் எண்டு."

அவள் என் காற்சட்டையைப் பார்த்தாள்.

"ஊத்தினதுதானே" என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்னது சரியாக வந்த நேரங்கள் குறைவு. அதிலும் இப்படிப் பிரயோசனமில்லாமல் சரியாக வந்தது அந்த ஒருமுறைதான்.

சுபா சிப்ஸோடு வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அந்தப் பிள்ளை சிரிக்கத் தொடங்கியது. சிரிப்பை நிறுத்த முடியாமல் வாங்கில் சரிந்து, பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்தியது.

"பொலிசிட்டப் போவமே?" என்றாள் கமலா.

"போய்? பேர் என்ன எண்டு கேப்பான். சொல்லுவன். அதுக்கு என்ன அத்தாட்சி எண்டு கேப்பான். என்னத்தைக் காட்டுறது, புட்டையே?"

இதைச் சொல்லிவிட்டு நானும் சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை. அந்த நீலப் புத்தகம் எங்கள் கைக்கு வர எத்தனையோ வருடம் எடுத்தது. அதற்கு முதல், லண்டனில் ஒரு யன்னல் இல்லாத அறையில் ஒருவர் என்னிடம் கேட்டார்: என்ன திகதி வெளிக்கிட்டாய், யாரோடு, எந்த வழியாக, ஏன் உன் தம்பி வரவில்லை. ஒவ்வொரு கேள்வியையும் மூன்று விதமாகக் கேட்டார். பதில் மூன்று முறையும் ஒன்றாக இருக்க வேண்டும். அந்தப் புத்தகம் கிடைத்த அன்று நான் நினைத்தது எங்கெல்லாம் போகலாம் என்று அல்ல, இனி அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்றுதான். இப்போது அதை நானே துவாயில் சுற்றி, ஐஸ்கிரீம் பெட்டியில் போட்டு, முன்பின் தெரியாத ஒருவருக்கு மதியச் சாப்பாடாகக் கொடுத்திருக்கிறேன். இதை எந்த அதிகாரி நம்புவார்? மூன்று விதமாகக் கேட்டாலும் பதில் ஒன்றுதான், ஆனால் எனக்கே நம்ப முடியவில்லை.

மார்க்கனுக்கு அடுத்த படகில் ஏறினோம். நடுத்தண்ணீரில், எதிரே வொலண்டாமை நோக்கி இன்னொரு படகு வந்தது. அதன் முன்பக்கத்தில் கோடு போட்ட சட்டையோடு ஒரு அம்மா எழுந்து நின்று, இரண்டு கையாலும் வெள்ளையாக ஏதோ ஒன்றைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினா. எங்கள் படகில் இருந்த ஜப்பான்காரர் எல்லோரும் கையை ஆட்டினார்கள். மரியாதை கெடக்கூடாது என்று நானும் ஆட்டினேன்.

"அப்பா, அது அவதானே?" என்றாள் சுபா.

"இஞ்ச எல்லாரும் இப்பிடித்தான் பிள்ளை உடுத்துவினம்."

"கையில என்ன?"

"தொப்பியாக்கும்."

படகுகள் கடந்துவிட்டன. அந்த அம்மா மட்டும் இன்னும் ஆட்டிக்கொண்டே சிறிதாகிப் போனா.

எல்லாமே ஒரே மாதிரி வீடுகள் என்று சொன்னேன் அல்லவா? அந்த வீட்டைக் கண்டுபிடித்தது சுபாதான், ஈரமாகச் சாய்த்து வைத்திருந்த யன்னல் பிரஷ்ஷை வைத்து. கதவைத் திறந்தவர் ஆறடிக்கு மேலே உயரமான ஒரு முதியவர், முன்னாள் மீனவர் என்பது கையைப் பார்க்கத் தெரிந்தது. எங்களைக் கண்டதும் முகம் மலர்ந்தது. பிறகு என் கையிலிருந்த பெட்டியைக் கண்டார், இன்னும் மலர்ந்தது.

சுபா ஜெர்மனில் கேட்டாள், அவர் டச்சில் சொன்னார். பாதிக்குப் பாதி ஓடியது.

"மனிசி படகில வொலண்டாமுக்குப் போயிட்டாவாம். எங்களைத் தேடி. பெட்டியோட" என்றாள் சுபா. என்னைத் திரும்பிப் பார்த்தாள். 'தொப்பியாக்கும்' என்று திருப்பிச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"ஓடுங்கோ, துறைக்கு" என்றேன்.

"நில்லுங்கோ அப்பா. நாங்கள் அங்க போக அவ இஞ்ச வருவா. பிறகு நாங்கள் இஞ்ச வர அவ அங்க. டூட்டிங் மார்க்கெட்டில எனக்கு என்ன சொன்னனீங்கள்?"

டூட்டிங் மார்க்கெட்டில் ஒவ்வொரு சனிக்கிழமையும் சொல்வதுதான்: துலைஞ்சால் நிண்ட இடத்திலேயே நில், நான் வருவன். பன்னிரண்டு வருடமாகச் சொல்லியிருக்கிறேன். அது எவ்வளவு கடினமான வேலை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

உட்கார்ந்தோம். சின்ன முன்னறை. சுவர் முழுக்க நீலப் பூப் போட்ட பீங்கான்கள், சுவருக்குள்ளேயே அலுமாரிபோலக் கதவு வைத்த ஒரு கட்டில். மேசையில் வெள்ளைத் துணி விரித்து இரண்டு சாப்பாட்டுக் கோப்பை, இரண்டு முள்ளுக்கரண்டி, இரண்டு கிளாஸ் தண்ணீர். எல்லாம் துப்புரவாக, தொடாமல் இருந்தன. ஏன் என்று நான் யோசிக்கவில்லை. என் கண் யன்னலுக்கு வெளியே, படகு வரும் பக்கம் இருந்தது.

அவர் கோப்பி ஊற்றினார். ஒரு தகரப் பேணியைத் திறந்து ஆளுக்கு ஒரு பிஸ்கட் தந்தார், பேணியை மூடினார், சுவர் ராக்கையில் வைத்தார். வந்த விருந்தாளி எழுந்து ஓடும்வரை இலையில் போட்டுக்கொண்டே இருக்கும் குடும்பத்தில் பிறந்த கமலா அந்தப் பேணி மூடுவதை வாய் திறந்து பார்த்தாள்.

"ஒண்டு எண்டா ஒண்டுதான்" என்றாள் மெதுவாக. "எவ்வளவு லேசு."

பிறகு அவர் என் கையிலிருந்த பெட்டியை நோக்கிக் கையை நீட்டினார். நான் மார்போடு அணைத்துக்கொண்டேன். சற்று நேரம் விட்டுத் திரும்பவும் நீட்டினார். திரும்பவும் அணைத்தேன். மூன்றாவது முறை நீட்டியபோது முகத்தில் ஒரு கெஞ்சல் இருந்தது.

"அவர் அதைக் கேக்கிறாரப்பா."

"கேக்கட்டும். மற்றது வராம இதை விடமாட்டன். ரெண்டும் ஒரே மாதிரிப் பெட்டி எண்டு நாளைக்கு ஆருக்கும் காட்டோணும் எண்டா இது ஒண்டுதான் சாட்சி."

"சாட்சி ஊத்துது" என்றாள் கமலா.

மேசைத்துணியில் சிவப்பாக ஒரு துளி. முதியவர் அதை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார். திறந்தபோது கண்ணில் தண்ணீர். உறைப்பில் வந்ததா, வேறெதிலுமா என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு படகு வந்தது. இறங்கிய எல்லோரும் கமராக்காரர். இன்னொன்று வந்தது, அதிலும் அவ இல்லை. ஐந்து மணி ஆனது. நேசன் இப்போது வொலண்டாம் துறையில் காரோடு நின்று எங்களைத் தேடுவான். அவனுக்குச் சொல்ல வழி இல்லை. சுவரில் டெலிபோன் இருந்தது, ஆனால் துறையில் நிற்கும் காருக்கு யார் டெலிபோன் எடுப்பது? கப்பல் எங்களுக்காக நிற்காது. நின்றாலும் ஏற்றமாட்டார்கள்.

கடைசிப் படகு வந்தது. முதியவர் எழுந்து யன்னலடியில் என் பக்கத்தில் வந்து நின்றார். நாலு பேர் இறங்கினார்கள். படகுக்காரர் கயிற்றைக் கட்டிவிட்டு, படகை மூடிவிட்டு, சைக்கிளில் ஏறி வீட்டுக்குப் போனார்.

முதியவர் ஏதோ சொன்னார்.

"என்னவாம்?" என்றேன்.

சுபாவின் குரல் சின்னதாக இருந்தது. "அவ எங்கயும் தனியப் போறேல்லையாம். போய் வருசக்கணக்காம்."

அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது, அந்த மனிதரும் இவ்வளவு நேரமும் யன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என் கவலைக்குள் அவருடைய மனைவியை நான் மறந்தே போனேன். எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்ணை, எங்கள் காகிதக் கட்டோடு, ஒரு பின்னேரம் முழுவதும் வெயிலில் அலையவிட்டிருக்கிறோம். கமலா தன் பிஸ்கட்டைப் பாதியாக உடைத்து அவரிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டார்.

இருவரும் அதைச் சாப்பிட்டு முடிக்க முதல், வீதிப் பக்கம் கார்ச் சத்தம் கேட்டது. ஒடுங்கிய ஒழுங்கைக்குள் வர முடியாமல் தூரத்திலேயே நின்றது. ஹோன் அடித்தது. அப்படி விடாமல் ஹோன் அடிக்க எங்கள் ஆளால் மட்டும்தான் முடியும்.

நேசன் முன்னால் ஓடிவந்தான். பின்னால், கோடு போட்ட சட்டையும் கலைந்த தலையுமாக, பெட்டியை இடுப்பில் குழந்தைபோல வைத்துக்கொண்டு அந்த அம்மா.

"அத்தான், என்ன வேலை பாத்தனீங்கள்? துறையில கார்க் கதவைத் திறந்து முழுசா இறங்கேல்லை, இந்த மனிசி ஓடிவந்து என்ர கையைப் பிடிச்சிட்டுது. நீலப் புத்தகத்தில உங்கட படத்தை விரிச்சுக் காட்டி, இது உன்ர ஆள்தானே, உன்ர ஆள்தானே எண்டு. பின்னேரம் முழுக்க கறுப்பு மயிர் உள்ள எல்லாரையும் பிடிச்சுக் கேட்டிருக்கு. ரெண்டு ஜப்பான்காரரையும் விடேல்லையாம்."

அந்த அம்மா வாசலில் மரச்செருப்பைக் கழற்றினா. கணவரிடம் ஒரு சொல் சொன்னா, அவர் ஒரு சொல் சொன்னார். நேரே என்னிடம் வந்து பெட்டியை என் கையில் வைத்தா. மூடியைத் திறந்தேன். துவாய் மடித்து, நீலப் புத்தகம் மூன்று, டிக்கெட், கடிதம், ரசீது, பிரஷர் துண்டுவரை எல்லாம் ஒழுங்காக அடுக்கியிருந்தது. நான் தலைகுனிந்து நன்றி சொல்ல வாயெடுத்தேன்.

அவ நன்றிக்கு நிற்கவில்லை. இடுப்பில் ஒரு கையை ஊன்றி, மற்றக் கையை என் முன்னால் நீட்டி, வேகமாக இரண்டு மூன்று வசனம் சொன்னா. முதியவர் போய் மேசையில் தன் இடத்தில் உட்கார்ந்து முள்ளுக்கரண்டியைக் கையில் எடுத்தார்.

நேசன் என்னைப் பார்த்தான், கமலாவைப் பார்த்தான், சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னான்.

"மனிசி சொல்லுது, இந்தப் பெட்டி தங்களுக்கு வேண்டாமாம். மத்தியானம் கோப்பை வைச்சுப்போட்டுத் திறந்ததாம். ரெண்டு பேரும் இன்னும் ஒண்டும் சாப்பிடேல்லை, உறைக்கிற மற்றப் பெட்டியைத் தரட்டாம்."